தினமும் 15 நிமிடம்: பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்குப் பழக்க ஒரு வழிகாட்டி

என் மகள் நான்காம் வகுப்பு அரையாண்டுத் தேர்வின் விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டியபோது, 302-இலிருந்து 148-ஐக் கழித்து 246 என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளில் இருந்த மற்றக் கழித்தல் கணக்குகளும் அதே மாதிரித்தான் தவறியிருந்தன. அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டு முதலில் அதட்டினேன். பிறகு ஊரிலேயே ஒரு டியூஷனில் மாதம் 500 ரூபாய் கட்டிச் சேர்த்தேன். ஒரே கூடத்தில் இருபத்தைந்து பிள்ளைகள் உட்கார்ந்து, பலகையில் விடையோடு எழுதிப்போட்ட கணக்குகளைப் பார்த்து எழுதினார்கள். நோட்டு முழுவதும் சரி என்ற குறி இருந்தது. பத்து மாதம் கழித்து நடந்த தேர்விலும் பழைய தவறு அப்படியே இருந்தது. 5,000 ரூபாயை விட அந்தப் பத்து மாதம் போனதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம்.

அதற்குப் பிறகு வீட்டிலேயே தினமும் 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டு ஏழு மாதம் நடத்தினோம். அப்போது நான் தடுமாறித் தெரிந்துகொண்டவற்றைத்தான் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெற்றோர்களையும் மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். இது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. ஆறாம், ஏழாம் வகுப்புக்குப் போயும் கழித்தலும் வகுத்தலும் தடுமாறுகிற பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

1. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள் (ஒரு வாரம்)

முதல் வாரம் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். கடைசியாக நடந்த இரண்டு தேர்வுகளின் விடைத்தாள்கள், பள்ளிக் கணக்கு நோட்டு, பிள்ளையின் வகுப்புக்கு முந்தைய இரண்டு வகுப்புகளின் கணக்குப் புத்தகங்கள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். விடைத்தாளைப் பள்ளியில் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றால், வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல்களை அரசுத் தளத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம்; தெருவில் மேல்வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளை இருந்தால் அந்த வீட்டிலேயே பழைய புத்தகம் கிடைக்கும். புத்தகம் முழுவதையும் ஜெராக்ஸ் எடுப்பது வீண் செலவு. தேவைப்படும் பயிற்சிப் பக்கங்களை மட்டும் எடுத்தால் போதும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்திருப்பார்கள். 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய இத்திட்டம் அடுத்த ஆண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. கணக்கில் உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். அரும்பு என்று சொன்னால் சங்கடப்பட வேண்டாம். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது உங்களுக்கு அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

பிறகு வீட்டில் நாளுக்கு இரண்டு மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். முதலில் எண்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: நூற்று ஐந்து, தொண்ணூறு, தொள்ளாயிரத்து நாற்பது. நூற்று ஐந்தை 1005 என்று எழுதுகிற பிள்ளை, நூறு என்று காதில் விழுந்ததும் 100 எழுதி, ஐந்து என்று கேட்டதும் பக்கத்தில் 5 போடுகிறது. அதற்கு இடமதிப்பு, அதாவது நிற்கும் இடத்தைப் பொறுத்து இலக்கத்தின் மதிப்பு மாறும் என்பது, இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். தொண்ணூறு என்ற சொல்லின் வாலில் நூறும், தொள்ளாயிரத்தின் வாலில் ஆயிரமும் ஒட்டிக்கொண்டிருப்பதால் தமிழில் எண்ணும் பிள்ளைகள் இந்த இரண்டிலும் தடுக்கி விழுவார்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிஃப்டீனும் பிஃப்டியும் காதில் ஒன்றுபோல் விழும். இரண்டு மொழியிலும் சொல்லி எழுதச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து 8 + 5 எவ்வளவு என்று கேட்டு, விடையை விட்டுவிட்டு விரலைக் கவனியுங்கள். ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எண்ணினால் அது முதல் படி. எட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று மேலே எண்ணினால் இரண்டாம் படி. ஐந்திலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்த்துப் பதின்மூன்று என்று சொன்னால் அடுத்த பாடத்துக்குத் தயார். அதன் பிறகு 52 − 27 என்று எழுதிக் கொடுங்கள். 4 × 6 என்பதைப் படமாக வரைந்து காட்டச் சொல்லுங்கள். எங்கே முதன்முதலாகத் தடுமாறுகிறதோ, அதற்கு ஒரு படி கீழே தொடங்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைக்க மனம் வராதுதான். ஆனாலும் எடுத்து வையுங்கள்.

2. நேரத்தை முடிவு செய்யுங்கள்

நாளுக்கு நாள் மாறாத ஒரு வேளை வேண்டும். எங்கள் வீட்டில் விளக்கேற்றிய உடனே, அதாவது ஆறரை மணிக்கு. பள்ளி விட்டு வந்தவுடன் உட்கார வைக்காதீர்கள். விளையாடி, ஏதாவது தின்றுவிட்டு வரட்டும். முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 நிமிடம், அதற்கு மேல் 15 நிமிடம் போதும். கைபேசியில் மணி வைத்து, மணி அடித்ததும் கணக்குப் பாதியில் நின்றாலும் நிறுத்திவிட வேண்டும். சொன்ன நேரத்தில் முடியும் என்று நம்புகிற பிள்ளைதான் மறுநாள் கூப்பிடாமல் வந்து உட்காரும். "இன்னும் ஒரே ஒரு கணக்கு" என்று நீட்டிய நாட்களுக்கு மறுநாள் என் மகளுக்குத் தவறாமல் வயிறு வலித்தது.

வாரத்தில் ஆறு நாள், ஞாயிறு விடுமுறை. மொத்தம் 90 நிமிடம்தானே, ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக நடத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கற்றது கொஞ்சம் மறக்கத் தொடங்கும்போது அதை மறுபடியும் தேடி எடுப்பதால்தான் நினைவு இறுகுகிறது. ஒரே உட்காரலில் மறக்கவும் நேரமில்லை, தேடவும் வேலையில்லை.

பிசான நெல் அறுவடை நாட்களில் வீட்டில் யாருக்கும் மாலையில் தெம்பு இருக்காது. அந்த மாதங்களுக்கு மட்டும் காலை ஆறரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில் கோயில் கொடை நடக்கிற இரண்டு மூன்று நாட்கள் போய்விட்டால் போகட்டும். விட்டுப்போன நாட்களைச் சேர்த்து மறுநாள் ஒரு மணி நேரம் நடத்துவதுதான் பெரிய தவறு.

3. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், அழிப்பான். கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதினால் ஒன்று, பத்து, நூறு இடங்கள் நேர்கோட்டில் நிற்கும். கோடு போட்ட நோட்டில் எழுதும்போது இலக்கங்கள் சாய்ந்துபோய்த்தான் பல தவறுகள் வரும். அட்டைகளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொள்ளுங்கள், கனமாக இருக்கும், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அட்டைகளைப் போட்டு வைக்க மூன்று காலி அல்வாப் பெட்டிகள். எண்ணுவதற்குப் புளியமுத்து, ஈர்க்குச்சி, கட்டுவதற்கு ரப்பர் பேண்ட். ஏழு மாதத்தில் எனக்கு ஆன மொத்தச் செலவு 200 ரூபாயைத் தாண்டவில்லை.

மணிச்சட்ட (அபாகஸ்) வகுப்பு, வேகக் கணக்கு வகுப்பு, மாதக் கட்டணச் செயலி ஆகியவற்றில் இப்போது பணம் போடாதீர்கள். இடமதிப்பு தெரியாத பிள்ளைக்கு வேகம் கற்றுக்கொடுத்தால் தவறைத்தான் வேகமாகச் செய்யும்.

4. 15 நிமிடத்தைப் பிரிக்கும் முறை

முதல் 3 நிமிடம் அட்டை. முன்பக்கம் 6 × 7, பின்பக்கம் 42 என்று இருக்கும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறிய அட்டை முதல் பெட்டிக்குத் திரும்பும். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதைச் செவ்வாயும் வெள்ளியும், மூன்றாவதைச் சனிக்கிழமையும் எடுக்க வேண்டும். புது அட்டை ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள்.

அடுத்த 8 நிமிடம் எழுத்துக் கணக்கு. ஒரே வகை, அதிகமாகப் போனால் ஐந்து கணக்கு. முதல் கணக்கை நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்துகாட்டுங்கள், இரண்டாவதைச் சேர்ந்து செய்யுங்கள், மற்றவற்றைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.

கடைசி 4 நிமிடத்தில் போன வாரக் கணக்கு ஒன்று, போன மாதக் கணக்கு ஒன்று, வீட்டுக் கணக்கு ஒன்று. பக்கம் முழுவதும் கழித்தலாகவே இருந்தால், இது கூட்டலா கழித்தலா என்று யோசிக்க வேண்டிய வேலையே பிள்ளைக்கு இல்லை; தேர்வில் கலந்து வரும்போது திகைப்பது அதனால்தான். வீட்டுக் கணக்கு நிஜமாக நடந்ததாக இருக்கட்டும். அண்ணாச்சி கடையில் 100 ரூபாய் கொடுத்து 64 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு. வாழைத்தாரில் 9 சீப்பு, சீப்புக்கு 12 பழம் என்றால் எத்தனை பழம்.

5. வாய்ப்பாட்டில் மனப்பாடம் செய்ய வேண்டியவை 15 தான்

பத்து வரையான வாய்ப்பாட்டில் 100 பெருக்கல்கள் இருக்கின்றன என்று பார்க்கும்போது பிள்ளைக்கு மலைப்பாகத்தான் இருக்கும். 6 × 8-உம் 8 × 6-உம் ஒன்றே என்று புரிந்தால் நூறு 55 ஆகும். ஒன்றாம், பத்தாம் வாய்ப்பாடுகளை யாரும் படிக்க வேண்டியதில்லை, 36 மிஞ்சும். இரண்டாம், ஐந்தாம் வாய்ப்பாடுகள் எளிதில் வரும், 21 மிஞ்சும். ஒன்பதைப் பத்திலிருந்து ஒரு மடங்கு குறைத்துச் சொல்லப் பழக்கினால், அதாவது 9 × 7 என்றால் 70-இல் 7 போக 63 என்று சொன்னால், 15 தான் பாக்கி. அவை 3, 4, 6, 7, 8 ஆகிய ஐந்து எண்களுக்குள் வரும் பெருக்கல்கள். வாரத்துக்கு இரண்டு என்று எடுத்தாலும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும்.

ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று ராகம் போட்டு ஒப்பிப்பது நல்லதுதான்; நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் அது மட்டும் இருந்தால் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டதும் ஓரேழிலிருந்து ஏறி வர வேண்டியிருக்கும். ஒப்பித்து முடித்ததும் வரிசை மாற்றிக் கேளுங்கள். 56-ஐ எத்தனை விதமாகப் பெருக்கிக் கொண்டுவரலாம் என்று திருப்பியும் கேளுங்கள்.

6. கழித்தல்: இங்கேதான் பொறுமை வேண்டும்

என் மகளை அருகில் உட்காரவைத்து, முதல் தடவையாக அதட்டாமல் கேட்டேன்: "ஏட்டி, இந்த 246 எப்படி வந்துச்சு?"

"ரெண்டுல எட்டு போவாதுல்லாம்மா, அதான் எட்டுல ரெண்டக் கழிச்சேன்" என்றாள்.

அவள் கவனக்குறைவாக இல்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தானே ஒரு விதியை உண்டாக்கிக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தாள். இந்த விதி இருக்கும் வரைக்கும் எத்தனை கணக்கு போட்டாலும் அந்தத் தவறுதான் உறுதிப்படும். டியூஷனில் விடையைப் பார்த்து எழுதியதால் அந்த விதி வெளியே தெரியவே இல்லை.

என் மாமியார் பீடி சுற்றுகிறவர்கள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம் என்று எண்ணி வைப்பார்கள். ஒரு நாள் மாலை அவர்கள், "கட்டுலருந்து ஏழு பீடிய எடுக்கணும்னா என்ன செய்வ?" என்று பேத்தியைக் கேட்டார்கள். "கட்ட அவுக்கணும் ஆச்சி" என்று அவள் உடனே சொன்னாள். கணக்கு நோட்டில் தெரியாதது அவளுக்குத் திண்ணையில் தெரிந்திருந்தது. (பீடி வேலையில் பிள்ளைகளைக் கைவைக்க விடக்கூடாது, கட்டு எண்ணுவதைத் தள்ளி இருந்து பார்த்தால் போதும்.)

மறுநாள் தேய்ந்துபோன வாரியல்கள் (துடைப்பங்கள்) இரண்டை அவிழ்த்து, ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டினோம். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு நூற்றுக்கட்டு. 302 என்றால் மூன்று நூற்றுக்கட்டு, இரண்டு உதிரிக்குச்சி. நடுவில் பத்துக்கட்டு ஒன்றுகூட இல்லை. எனக்கு 8 உதிரி தா என்று கேட்டேன். அவளிடம் இரண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நூற்றுக்கட்டை அவிழ்த்தாள்; பத்துப் பத்துக்கட்டுகள் வந்தன. அதில் ஒன்றை அவிழ்த்தாள். இப்போது 2 நூறு, 9 பத்து, 12 உதிரி. 12-இல் 8 போக 4, 9-இல் 4 போக 5, 2-இல் 1 போக 1. விடை 154. அந்தக் "கொஞ்ச நேரம்" உங்களுக்கு மிக நீளமாகத் தெரியும், வாயைத் திறக்காதீர்கள்.

குச்சியோடு நான்கு நாள் செய்தோம். பிறகு ஒரு வாரம் நூறுக்குச் சதுரம், பத்துக்குக் கோடு, ஒன்றுக்குப் புள்ளி என்று வரைந்து செய்தோம். அதன் பிறகுதான் வெறும் எண்கள். குச்சியிலிருந்து நேராக எண்ணுக்குத் தாவ நான் அவசரப்பட்டபோது பழைய தவறு திரும்பி வந்தது. நடுவில் படம் வரைகிற வாரத்தை விடாதீர்கள்.

இரண்டு சரிபார்ப்புகளையும் பழக்குங்கள். விடையையும் கழித்த எண்ணையும் கூட்டினால் மேல் எண் வர வேண்டும்: 154 + 148 = 302. தொடங்கும் முன்பே, 302 ஏறத்தாழ 300, 148 ஏறத்தாழ 150, ஆகவே விடை 150-ஐ ஒட்டி இருக்கும் என்று சொல்லிவிட்டுச் செய்தால், 246 வந்தவுடன் பிள்ளையே நிமிர்ந்து பார்க்கும்.

7. பெற்றோர் தவறும் இடங்கள்

பென்சிலைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்காதீர்கள். தவறான விடைக்கு மட்டும் "எப்படி வந்தது?" என்று கேட்டால் அந்தக் கேள்வியே தண்டனையாகிவிடும், சரியான விடைக்கும் கேளுங்கள். பெரியப்பா மகனோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்குவதற்குப் பாடநூலில் இனமாற்றம் என்றிருப்பதை அப்பா கடன் வாங்கு என்பார், டியூஷனில் வேறொரு பெயர் சொல்வார்கள்; வீட்டில் எல்லாரும் பாடநூலின் சொல்லையே சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்கிற ஆள் ஒருவராகவே இருப்பது நல்லது. வேகத்தைக் கடிகாரம் வைத்து அளப்பது, விடை பிசகாமல் வரத் தொடங்கிய பிறகு மட்டும்.

8. எத்தனை நாளில் தெரியும், தெரியாவிட்டால் எங்கே போவது

ஒவ்வொரு நாளும் நோட்டில் தேதி போடுங்கள். எத்தனை சரி என்பதோடு, என்ன தவறு என்று ஒரு வரியும் எழுதி வையுங்கள். எங்களுக்கு முதல் மூன்று வாரம் எதுவும் தெரியவில்லை. நிறுத்திவிடலாம் என்று நினைத்ததும் அப்போதுதான். ஆறு வாரத்தில் பத்துக்குள் கூட்டல் விரல் இல்லாமல் வந்தது. மூன்றாம் மாதம் கழித்தல் நேரானது.

மூன்று மாதம் விடாமல் நடத்தியும், எது பெரிய எண் என்பதிலேயே குழப்பம் நீடித்தால், முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். பலகையில் இருக்கும் 3-ஐ 8 என்று எழுதிவரும் பிள்ளைக்குப் பார்வைக் குறையும் இருக்கலாம். கண் நன்றாக இருந்தால் தலைமையாசிரியர் மூலம் வட்டார வள மையத்தில், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கென்று இருக்கும் சிறப்பாசிரியர்களைப் பாருங்கள். ஆதார் நகலோடு, தேதி போட்ட அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். மதிப்பெண் பட்டியலை விட அதுதான் அவர்களுக்கு உதவும்.

9. எட்டாம் வகுப்பை நெருங்கும் பிள்ளைகளுக்கு

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்களுக்கான தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்வானால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது. மனத்திறனில் 90, பாடங்களில் 90 என்று 180 கேள்விகள், 180 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம் என்னும்போது ஏழெட்டு எவ்வளவு என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்தே 15 நிமிடப் பழக்கத்தில் பின்னம், சதவீதம், எண் தொடர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், எட்டாம் வகுப்புத் தொடங்கும் ஜூன் மாதத்திலேயே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குப் பதிவு செய்யுங்கள். அரசுக் கட்டணம் 60 ரூபாய். குடும்ப அட்டை, ஆதார், புகைப்படம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். சாதிச் சான்று இல்லாதவர்கள் அதற்கும் அன்றே பதிவு செய்துவிடலாம். பள்ளிப் பதிவேடு, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றிலும் பிள்ளையின் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்கு ஆதாரில் தலைப்பெழுத்து முன்னாலும் வங்கிப் புத்தகத்தில் பின்னாலும் இருந்ததால், தேர்வான பிறகும் பணம் வந்து சேர மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது.